அம்மா அப்பாவோடு ஒன்சென்: ஹக்கோனேயா, குசாட்சுவா, அட்டாமியா?

நவம்பரில் அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து டோக்கியோ வருகிறார்கள். இதுதான் முதல் முறை. இரண்டு வாரம் எங்களோடு இருப்பார்கள். அதில் ஒரு இரவாவது நல்ல வெந்நீரூற்று விடுதியில், விலையைப் பார்த்துப் பின்வாங்காமல், குடும்பமாகத் தங்க வேண்டும் என்று நானும் வீட்டுக்காரரும் ஒரு வருடமாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, அப்பாவுக்கு 71. நாங்கள் இருவர். எட்டு வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். மொத்தம் ஆறு பேர்.

ஒன்சென், அதாவது வெந்நீரூற்று, என்று சொன்னதுமே தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். டோக்கியோவின் நிஷிகசாயில் ஒன்பது வருடம் இருந்ததில் அவர்கள் சொன்ன ஊர்களில் பெரும்பாலானவற்றை நானும் பார்த்துவிட்டேன். எல்லாமே நல்ல ஊர்தான். ஆனால் எனக்கும் கணவருக்கும் சரியாக இருந்த ஊர், அம்மா அப்பாவுக்கும் சரியாக இருக்குமா என்பதுதான் கேள்வி. இதை முடிவு செய்ய மூன்று வாரம் ஆனது. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவரப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் போனில் விளக்கினேன். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வாசலில் தொங்கும் துணித் திரையைத் தாண்டி உள்ளே போனால் உடைகளைக் கழற்றிக் கூடையில் வைக்க வேண்டும். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்கலாம். நீச்சலுடை கூடாது, கைத்துண்டையும் தண்ணீரில் போடக் கூடாது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்: "ஏட்டி, அத்தன பேரு முன்னாடி துணியில்லாமயா?"

குற்றாலத்தில் சேலையோடு அருவியில் நின்று குளித்துப் பழகியவள் அவள். இந்த வயதில் அவளை மாற்ற நான் யார்? அந்த ஒரு கேள்வியில் என் பட்டியல் தலைகீழானது. அதுவரை ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு விடுதியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, எப்படிக் குளிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தேன். ஊர் அதற்கு அடுத்ததாகத்தான் வந்தது.

மூன்று விதமான குளியல்

விடுதியின் பொதுக் குளியலறை பெரும்பாலும் அறை வாடகையிலேயே அடங்கிவிடும். பெரிய தொட்டி, பாறைகளுக்கு நடுவே திறந்தவெளிக் குளியல் என்று அழகாக இருக்கும். பல விடுதிகளில் இரவோ காலையோ ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் இடம் மாறும், அதனால் இரண்டையும் பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் அம்மா வரமாட்டாள். இன்னொரு விஷயமும் உண்டு. குழந்தைகள் எதிர்ப்பாலினர் பகுதிக்குள் வரலாம் என்பதற்கான வயதை, முன்பு பத்தாக இருந்ததை, 2020-இன் இறுதியில் ஜப்பானிய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் ஏழாகக் குறைத்தது. அதனால் என் பையன் என்னோடு வர முடியாது. அப்பா, தாத்தாவோடுதான் போக வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் குடும்பமாகக் குளிக்கப் போய் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

இரண்டாவது, கஷிகிரி. சின்னக் குளியலறை ஒன்றை நம் குடும்பத்துக்கென்று குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்வது. சில விடுதிகளில் இலவசம், சிலவற்றில் தனிக் கட்டணம். பெரும்பாலும் 45 அல்லது 50 நிமிடம் தருவார்கள். இளம் தம்பதிக்கு இது தாராளம். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றி, கண்ணாடியை எங்கே வைப்பது என்று பார்த்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எழுவதற்குள் பாதி நேரம் போய்விடும். மணியைப் பார்த்துக்கொண்டே குளிப்பது ஓய்வு ஆகாது. நல்ல நேரங்களையும் நாம் விடுதிக்குள் நுழைவதற்குள் மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது, அறையோடு சேர்ந்த திறந்தவெளிக் குளியல். பால்கனி போன்ற இடத்தில் மரத்தொட்டியோ கல்தொட்டியோ இருக்கும். இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். அப்பா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். அந்த நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாமல், இருட்டு விலகுவதைப் பார்த்தபடி அவர் தண்ணீரில் உட்கார்ந்திருக்கலாம். அம்மா கதவைத் தாழிட்டுக்கொண்டு, வேண்டுமானால் துண்டைச் சுற்றிக்கொண்டு குளிக்கலாம். அங்கே கேட்க ஆள் இல்லை.

விலை அதிகம்தான். எங்கள் பணம் போகவேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. அறையில் திறந்தவெளிக் குளியல் என்று போட்டிருந்தாலே அதில் வருவது ஊற்று நீர் என்று ஆகிவிடாது. சில இடங்களில் அது சாதாரணக் குழாய்த் தண்ணீரைச் சுடவைத்தது. முன்பதிவுக்கு முன் "அறைத் தொட்டியிலும் ஒன்சென் தண்ணீர்தானா" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். 1948-இல் வந்த ஒன்சென் சட்டப்படி, ஊற்றிடத்தில் 25 டிகிரிக்குக் குறையாத சூடோ, பட்டியலிட்ட 19 பொருட்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவோ இருந்தால் அது ஒன்சென். தண்ணீரின் பகுப்பாய்வு அறிக்கையைக் குளிக்கும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள். நாம் கேட்டாலும் சொல்வார்கள்.

இவ்வளவும் முடிவான பிறகுதான் ஊர்களை எடுத்துக்கொண்டேன்.

என் மனசுக்குப் பிடித்த குசாட்சு

குன்மா மாநிலத்தின் மலையில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரின் நட்டநடுவில் யுபாத்தாகே, அதாவது வெந்நீர் வயல். பொங்கி வரும் கொதிநீரை வரிசையாக வைத்த மரக்கால்வாய்களில் ஓடவிட்டு ஆறவைக்கிறார்கள். அடியில் படியும் மஞ்சள் வண்டலைச் சுரண்டிச் சேர்க்கிறார்கள். இரவில் விளக்கு போட்டு, ஆவி எழும்பி, அதற்குள் மரச்செருப்புச் சத்தத்தோடு மனிதர்கள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஊர் முழுவதும் சேர்த்து நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் தானாகவே வருகிறது, எந்தப் பம்பும் இல்லாமல். அந்நாளில் ஜப்பானை ஆண்ட தொக்குகவா வம்சத்தின் எட்டாவது ஷோகனான யோஷிமுனே இங்கிருந்து எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, தண்ணீர் கொண்டுவரச் செய்தார். மெய்ஜி காலத்தில் ஜப்பானில் மருத்துவம் கற்பித்த ஜெர்மன் டாக்டர் பெல்ஸ் இந்த ஊரை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நீளமான பலகைகளால் தண்ணீரைத் துழாவி ஆற்றும் யுமொமியைக் குழந்தைகள் கைதட்டி ரசிப்பார்கள்.

அந்தத் தண்ணீரில் ஒரு முறை இறங்கினால் மறக்க முடியாது. ஆனால் அது கடுமையான தண்ணீர். அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்கு இணையானது. பி.எச். கணக்கில் சுமார் 2. கிருமியைக் கொல்லும் என்று பெயர். அதே காரணத்தால் கண்ணில் பட்டால் எரியும், சிராய்ப்பில் பட்டால் சுரீர் என்று பிடிக்கும். என் பெண்ணுக்கு முழங்கைக்குள் தோல் வறண்டு வெடிக்கும் தொந்தரவு உண்டு. அவளை அந்தத் தண்ணீரில் இறக்க எனக்கு மனம் வராது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. மூன்று வருடம் முன்பு மாமனார் மாமியார் வந்திருந்தபோது அவர்களைக் குசாட்சுவுக்குத்தான் கூட்டிப் போனோம். முந்தின நாள் நகையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சங்கிலியையும் வளையலையும் கழற்றி வைக்கச் சொன்னேன். மெட்டியைக் கழற்றச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கால் விரலை விட்டு இறங்காத மெட்டி அது. குளித்து வந்து அறையின் தாதாமிப் பாய்த்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தபோது அத்தைதான் முதலில் பார்த்தார். வெள்ளி மெட்டி இரண்டும் ஓரத்தில் பித்தளை நிறத்துக்கு மாறி, மேலே நாவல்பழம் போலக் கறுத்திருந்தன. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், வேறொன்றும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் குளிக்கவும் வரவில்லை. டோக்கியோ திரும்பியதும் விபூதியைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துப் பழைய பளபளப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டும், என் தவறுதான். அம்மா விஷயத்தில் அதைத் திரும்பச் செய்யப் போவதில்லை. பயணமும் யோசிக்க வேண்டியது. உயெனோவிலிருந்து விரைவு ரயிலில் நகனொஹரா-குசாட்சுகுச்சிக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல், பிறகு பஸ்ஸில் 25 நிமிடம். நவம்பர் இரவுகளில் அந்த மலையில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். பாளையங்கோட்டை வெயிலில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரே இரவுக்காக இத்தனை தூரம் வேண்டாம் என்று, வருத்தத்தோடுதான், குசாட்சுவைத் தள்ளிவைத்தேன். பெற்றோர் இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், குசாட்சுதான்.

அட்டாமி: பக்கம்தான், ஆனாலும்

தூரத்தில் அட்டாமியை எதுவும் அடிக்க முடியாது. டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென் ஏறினால் கொதாமா ரயிலிலேயே 50 நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். ஊரின் பெயருக்கே சூடான கடல் என்று பொருள். தொக்குகவா வம்சத்தின் முதல் ஷோகனான இயேயாசு 1604-இல் இங்கே வந்து குளித்திருக்கிறார். தண்ணீர் பெரும்பாலும் உப்புச்சத்துள்ளது. குளித்து வந்த பிறகும் உடம்பில் சூடு நெடுநேரம் நிற்கும். வயதானவர்களுக்கு இது நல்லது, மெட்டிக்கும் பயமில்லை. கடலைப் பார்த்த அறைக் குளியல் உள்ள விடுதிகள் நிறைய. கோடையில் மட்டுமல்ல, வருடம் முழுவதும் குறிப்பிட்ட நாட்களில் விரிகுடாவில் வாணவேடிக்கை விடுகிறார்கள். மூன்று பக்கமும் மலை என்பதால் அந்தச் சத்தம் மோதித் திரும்பி நெஞ்சுக்குள் கேட்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி, இசு தீபகற்பத்துக்குள் ஷுசென்ஜிக்குப் போனால், குளத்தின் மேல் நோ நாடக மேடை வைத்திருக்கும் அசாபா போன்ற, 500 ஆண்டைத் தாண்டிய விடுதிகளும் உண்டு.

அப்புறம் ஏன் அட்டாமி இல்லை? ஒன்று, ஊர் முழுக்கச் செங்குத்தான சரிவு. நிலையத்திலிருந்து கடற்கரைக்கு இறங்குவதே அப்பாவின் முட்டிக்குச் சோதனை. இது டாக்சியில் தீர்ந்துவிடும் விஷயம்தான். இரண்டாவது காரணம் டாக்சியில் தீராது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இருக்கும் கடைத்தெருவில் வரிசையாகக் கருவாட்டுக் கடைகள். பிளந்து காயவைத்த மீன்கள்தான் இந்த ஊரின் பெருமை. விடுதிச் சாப்பாடும் அதேபோல் கடலைச் சுற்றித்தான். எனக்கும் பிள்ளைகளுக்கும் அது விருந்து. சுத்த சைவமான அம்மாவும் அப்பாவும் அந்தத் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். கடலும் அவர்களுக்குப் புதிதில்லை. திருச்செந்தூரில் வருடா வருடம் பார்க்கிற கடல்தான். அவர்கள் கேட்டது, "சிவப்பா மரம் இருக்குமாமே, அதப் பாக்கணும்."

அசைவம் சாப்பிடும் குடும்பம், கைக்குழந்தை இருக்கிறது, நேரம் 24 மணிதான் என்றால் நான் அட்டாமியைத்தான் முதலில் சொல்வேன்.

கினோசாகியையும் சிலர் சொன்னார்கள். யுகாதா என்ற மெல்லிய அங்கியும் மரச்செருப்புமாக ஓடைக்கரையில் நடந்து பொதுக் குளியல் வீடுகளுக்குப் போய்வரும் அந்த ஊர் அவ்வளவு அழகு. ஆனால் கியோட்டோவிலிருந்தே இரண்டரை மணி நேரம். அதன் ஆனந்தமே பொதுக் குளியலில்தான் இருக்கிறது, பருவத்தின் சாப்பாடு நண்டு. அம்மாவுக்கு இரண்டுமே ஆகாது. நிக்கோவுக்குப் பக்கத்தில் கினுகவா குழந்தைகளுக்கு நல்ல இடம், அசகுசாவிலிருந்து நேர் ரயில் உண்டு. பள்ளத்தாக்கை ஒட்டி நிற்கும் அந்தப் பெரிய பெரிய ஹோட்டல் கட்டடங்கள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஹக்கோனே, அதுவும் சுற்றாமல்

மிஞ்சியது ஹக்கோனே. எல்லோரும் போகிற ஊர் என்பதாலேயே நான் கடைசியில் வைத்திருந்தேன். கணக்குப் போடப் போட அதுதான் மேலே வந்தது.

ஷின்ஜுகுவிலிருந்து ஒதாக்யூ நிறுவனத்தின் ரொமான்ஸ்கார் விரைவு ரயிலில் ஏறினால் ஹக்கோனே-யுமொட்டோ வரை மாறாமல் உட்கார்ந்தே போகலாம். சுமார் ஒன்றரை மணி நேரம். 2018-இல் வந்த சிவப்பு நிற ஜிஎஸ்இ வண்டியில் ஓட்டுநர் மேலே மாடியில் உட்காருவார். முன் பெட்டியின் பயணிகள் கண்ணாடி வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். அந்த இருக்கைகளுக்குப் போட்டி அதிகம். சரியாக ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்கு முன்பதிவு திறந்ததும் எடுத்துவிட வேண்டும். பையனுக்கும் அப்பாவுக்கும் அதில் இரண்டு இடம் கிடைத்துவிட்டால் பயணத்தின் பாதி சந்தோஷம் அங்கேயே முடிந்தது.

யுமொட்டோவிலிருந்து கோராவுக்கு மலை ரயில். 1919-இல் ஓடத் தொடங்கியது. பல்சக்கரம் இல்லாமல் 1,000 மீட்டருக்கு 80 மீட்டர் ஏறுகிற பாதை. மூன்று இடங்களில் வண்டி நின்று, ஓட்டுநரும் நடத்துநரும் பிளாட்பாரத்தில் இறங்கி இடம் மாறி, வந்த திசைக்கே திரும்பி மேலே ஏறும். ஊட்டி ரயிலில் போயிருக்கும் அப்பாவுக்கு இதைக் காட்டியே ஆக வேண்டும்.

இதற்கு மேல்தான் பலர் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். எல்லா வண்டிக்கும் செல்லும் ஃப்ரீ பாஸ் வாங்கிவிட்டோமே என்று மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, ஏரியில் கப்பல், பஸ் என்று ஒரே நாளில் முழு வட்டமும் அடிப்பது. நானும் தோழிகளோடு அடித்திருக்கிறேன். ஐந்து வண்டி மாறி, ஐந்து வரிசையில் நின்று, விடுதிக்குள் நுழையும்போது கால் வீங்கியிருந்தது. பெரிய பணம் கொடுத்து எடுத்த அறைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்வதில் என்ன இருக்கிறது? விடுதிகள் மூன்று மணிக்கே அறையைக் கொடுக்கும். மறுநாள் பத்து பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். நாம் வாங்குவது இருபது மணி நேரம்தான், அதை வெளியே செலவழிக்கக் கூடாது.

வட்டத்தின் நடுவில் இருக்கும் ஓவாகுதானியில் எரிமலை வாயு வருகிறது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வர வேண்டாம் என்று அங்கேயே அறிவிப்பு இருக்கும். அப்பாவுக்கு ஆறு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒன்று சாப்பிட்டால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்று சொல்லும் கறுப்பு முட்டைக்காக அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தமாட்டேன். வெந்நீர்க் குளியல் பற்றியும் ஊரில் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டோம். அதிகச் சூடு வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இறங்கும் முன் தண்ணீர் குடிக்க வேண்டும், எழும்போது மெதுவாக எழ வேண்டும் என்றார். அறைத் தொட்டியில் பெரும்பாலும் சூட்டைக் குறைத்துக்கொள்ளவும் முடியும். பொதுத் தொட்டியில் அது நடக்காது.

அதற்குப் பதிலாகக் கோராவுக்கு ஒரு நிலையம் முன்னால் திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகத்தில் இறங்குவோம். 1969-இல் திறந்தது. புல்வெளியில் சிற்பங்கள், பிக்காசோவுக்கென்று ஒரு தனிக் கட்டடம், குழந்தைகள் ஏறி விளையாடப் பெரிய வலைக்கூடு. அங்கே கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டியும் இருக்கிறது. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா காலை விட்டு உட்காரலாம். ஒன்சென் தண்ணீரோடு அவளுக்கு முதல் அறிமுகம் அப்படி நடக்கட்டும்.

மெட்டி விஷயத்தில் ஹக்கோனேயில் ஒரு வசதி உண்டு. இது ஒரே ஊர் இல்லை, பல ஊற்று ஊர்கள் சேர்ந்தது. தண்ணீரும் இடத்துக்கு இடம் மாறும். சென்கொகுஹரா பக்கம் கந்தக வாசனையோடு பால்போல வெள்ளைத் தண்ணீர் வரும். யுமொட்டோவில் பெரும்பாலும் நிறமில்லாத, வழவழப்பான, காரத்தன்மையுள்ள (அமிலத்துக்கு எதிரான) தண்ணீர். கோராவில் விடுதிக்கு விடுதி வேறு. அதனால் முன்பதிவுக்கு முன் கந்தகம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்று சொன்ன விடுதிகள் மட்டும் பட்டியலில் நின்றன.

தூக்கமும் சாப்பாடும்

தரையில் விரிக்கும் ஃபூட்டான் மெத்தை அழகான ஏற்பாடு, ஆனால் தரையிலிருந்து எழுவது முட்டிவலிக்காரர்களுக்குத் தண்டனை. தாதாமி அறையிலேயே கட்டில் போட்ட வயோஷிட்சு அறைகள் உண்டு. அம்மா அப்பாவுக்கு அதுதான். சாப்பாட்டுக்கு மேசை நாற்காலி உண்டா என்பதையும் கேளுங்கள், நிறைய இடங்களில் கேட்டால் போட்டுத் தருகிறார்கள்.

இந்த இடத்தில் மியானொஷிதாவின் ஃபுஜியா ஹோட்டல் என்னை வெகுவாக இழுத்தது. 1878-இல் தொடங்கியது. சாப்ளினும் ஹெலன் கெல்லரும் தங்கிய இடம். கோயில்போலக் கூரை, உள்ளே கட்டில், மேசைச் சாப்பாடு, அறைக் குளியல் தொட்டிக்கே ஊற்று நீர். வயதானவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் ஹக்கோனேயில் குறைவு. ஆனால் அந்தத் தொட்டி நாலு சுவருக்குள் இருப்பது. வெந்நீருக்குள் உட்கார்ந்து குளிர்காற்று முகத்தில் பட மரத்தைப் பார்ப்பதை அவர்களுக்குக் காட்டத்தான் நான் இவ்வளவும் செய்கிறேன். அதனால் அது இரண்டாவது இடத்துக்குப் போனது. அரச குடும்பத்துக் கோடை மாளிகையாக இருந்த கோரா கதானும் பட்டியலில் இருந்தது. ஆறு பேருக்குக் கணக்குப் போட்டதும் எங்கள் உண்டியல் அதற்குப் போதாது என்று தெரிந்தது.

சாப்பாட்டில்தான் நான் முன்பு அடிபட்டிருக்கிறேன். ஒரு விடுதியில், பெயர் வேண்டாம், மாமியாருக்குச் சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தோம். பூசணியும் சேப்பங்கிழங்கும் அழகாக வேகவைத்து வந்தன. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, சந்தேகத்தில் பரிமாறும் பெண்ணிடம் கேட்டேன். சாறு கட்சுவோபுஷி, அதாவது காயவைத்த மீன் சீவல், போட்டுக் கொதிக்கவைத்தது என்றார், சாதாரணமாக. மீன் துண்டு இல்லையே என்பது அவர்கள் கணக்கு. அதன்பின் நான் "சைவம்" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீனில் எடுத்த தாஷி என்ற சாறும் வேண்டாம், கொம்பு என்ற கடற்பாசியிலோ காளானிலோ எடுத்த தாஷி பரவாயில்லை, மிசோ சூப்புக்கும் தொட்டுக்கொள்ளும் சாறுக்கும் இதே விதிதான் என்று ஒவ்வொன்றாக ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புகிறேன். குறைந்தது பத்து நாள் முன்பே. முடியாது என்று சொல்லும் விடுதிக்கு நன்றி சொல்லி நகர்ந்துவிடுவேன். கோராவில் கேட்ட நாலு விடுதிகளில் இரண்டு முடியாது என்றன. ஒன்று டோஃபு, யுபா (சோயா பால் ஆடை), காய்கறி என்று முழுப் பட்டியலையே திருப்பி அனுப்பியது. அந்த அஞ்சலைப் படித்ததும் மனம் அங்கே போய்விட்டது.

பணமும் நாளும்

இங்கே விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து, திறந்தவெளிக் குளியல் உள்ள நல்ல அறை என்றால் ஒருவருக்கு ஓர் இரவு 50,000 யென்னைத் தாண்டிவிடும். மேல் வரம்பு இல்லை. குழந்தைகளுக்குச் சாப்பாடு, படுக்கை எதெது வேண்டும் என்பதைப் பொறுத்துக் குறைப்பார்கள். சின்னக் குழந்தைகளையே ஏற்காத உயர்ரக விடுதிகளும் உண்டு, முதலிலேயே பார்த்துவிடுங்கள். குளியல் வரி என்று பெரியவர் ஒருவருக்கு வழக்கமாக 150 யென் தனி.

ஆறு பேரும் ஒரே அறையில் அடங்குவது அரிது. முதலில் குளியல் உள்ள அறைகள் இரண்டாகப் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றியது. வீட்டுக்காரர்தான் சொன்னார், "அத்தை மாமாவுக்கு மட்டும் குளியல் உள்ள அறை எடுப்போம். நமக்குப் பக்கத்திலேயே சாதாரண அறை போதும்." அப்படியே செய்தோம். அவர்கள் தூங்காத நேரத்தில் பேரப்பிள்ளைகளும் அதே தொட்டியில் இறங்கலாமா என்று கேட்டு, சரி என்ற பதிலையும் வாங்கிவிட்டோம். எனக்குப் பொதுக் குளியல் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தில் மிச்சமான பணத்தில்தான் கட்டில் உள்ள பெரிய அறையே சாத்தியமானது.

சனி இரவுதான் எல்லா இடத்திலும் விலை உச்சம், கூட்டமும் அப்படியே. வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்துக் கிளம்பினால் விடுதியின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஞாயிறு இரவு தங்கித் திங்கள் திரும்புவதுதான் எனக்குத் தெரிந்து சிறந்த வழி, அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இல்லாதவரை. விடுமுறையாக இருந்தால் ஞாயிறும் சனியின் விலைக்கு வந்துவிடும். எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. பையன் பள்ளியில் ஒரு சனிக்கிழமை கண்காட்சி. அதற்கு ஈடாகத் திங்கள் விடுமுறை. தாத்தா பாட்டி பள்ளியையும் பார்த்துவிடலாம். ஞாயிறு காலை ஹக்கோனேயிலிருந்து கூட்டம் இறங்கிவரும் நேரத்தில் நாங்கள் மேலே ஏறுவோம். இலைகள் நன்றாகச் சிவக்கும் நவம்பர் நடுவாரம் அது.

பணம் கட்டிய அன்று இரவு அப்பாவிடம் விவரம் எல்லாம் சொன்னேன். மலை ரயில், அறைக்குள்ளேயே குளியல், கட்டில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அம்மாவும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "நல்லெண்ணெய் கொண்டு வாரேன், அங்க எண்ணெய் தேச்சுக் குளிக்கலாம்லா?"

தொட்டியில் எண்ணெய் மிதக்கக் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "சனிக்கெழம காலைலயே இவ வீட்டுல தேச்சுக் குளிச்சிருங்க. நாம போறது ஞாயித்துக்கெழமதான?"